வீட்டுக் கம்ப்யூட்டரில் சேரும் போன் பேச்சுகளும் அமானிதமே! (ஜும்ஆ உரை)

 

 

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தேன். வேறு ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் ஒரு பென் டிரைவ். "ஹஜ்ரத், இதை ஒரு தடவை கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க" என்றார். என்ன இது என்று கேட்டேன். அவருடைய மருமகள் தன் உம்மாவிடம் போனில் பேசிய பேச்சுகள். மகன் வளைகுடாவில் இருக்கிறார். மருமகளின் போனில் இடம் நிறைந்துவிட்டது என்று வீட்டில் இருந்த இளைய மகனிடம் கொடுத்திருக்கிறாள். அவர் அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்துப் படங்களையெல்லாம் மாற்றும்போது, கால் ரெக்கார்டிங் என்ற ஃபோல்டரும் சேர்ந்து வந்துவிட்டது. போனில் எல்லா அழைப்புகளும் தானாகப் பதிவாகும்படி செட்டிங் இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கே அது தெரியாது. ஒன்றைத் திறந்து கேட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் கேட்டார்கள். அன்று இரவுக்குள் அந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் கணவனுக்குப் போய்விட்டது. காலையில் தலாக் என்ற வார்த்தை வீட்டுக்குள் வந்துவிட்டது.

அந்தப் பெண் அப்படி என்னதான் பேசினாள்? நான் கேட்கவில்லை. பெரியவர் சொன்னதிலிருந்து புரிந்தது இவ்வளவுதான்: மாமியார் சமையலைக் குறை சொன்னாள். நாத்தனார் நகை விஷயத்தில் ஒரு வார்த்தை சொன்னாள். கணவன் பணம் அனுப்பும் கணக்கைப் பற்றி உம்மாவிடம் புலம்பினாள். அழுதாள். கட்டிக்கொடுத்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண் தன் தாயிடம் பேசும் பேச்சு.

இதை இங்கே சொல்வதற்கு அந்தக் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அடையாளங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். இன்றைய தலைப்புக்கு அது அவசியம். அமானிதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒருவருடைய அமானிதத்தை மிம்பரில் உடைக்கக் கூடாது அல்லவா!

சகோதரர்களே! போன் பேச்சைப் பதிவு செய்வது புதிய விஷயமல்ல. லேண்ட்லைன் காலத்திலும் செய்தார்கள். போனிலிருந்து ஒரு வயரை டேப் ரெக்கார்டருக்கு இழுப்பார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தபோது அதே வயரை அதன் பின்பக்கம் மைக் சொருகும் துளையில் சொருகினார்கள். ஆனால் அதற்குக் கொஞ்சம் வேலை இருந்தது. ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டும், கேசட் மாற்ற வேண்டும். செய்கிறவனுக்குத் தான் செய்வது என்னவென்று ஒரு உறுத்தலாவது இருக்கும். இப்போது அந்த வேலையே இல்லை. ஒரே ஒருமுறை செட்டிங்கில் விரலை வைத்தால் போதும், அதற்குப் பிறகு வரும் அத்தனை பேருடைய பேச்சும் சேர்ந்துகொண்டே இருக்கும். எண், தேதி, நேரம் எல்லாம் ஃபைலின் பெயரிலேயே இருக்கும். சாதாரணத் தரத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு அரை எம்.பி. இடம் போதும். வீட்டுக் கம்ப்யூட்டரில் 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் இருந்தால், பத்து லட்சம் நிமிடம் அதில் அடங்கும். இரவு பகல் நிற்காமல் பேசினாலும் கிட்டத்தட்ட இரண்டு வருடப் பேச்சு! அழிக்க வேண்டிய தேவையே வருவதில்லை. தேவை வராததால் அழிப்பதும் இல்லை.

மனிதன் ஒரு சொல்லை மொழிந்தாலும் அதைக் கண்காணித்து எழுதுபவர் அவனிடம் தயாராக இருக்கிறார் என்று காஃப் அத்தியாயத்தின் 18வது வசனத்தில் அல்லாஹ் கூறுகிறான். அந்தப் பதிவேடு நாம் அல்லாஹ்வுக்கு முன்னால் நிற்கும்போது திறக்கப்படும். அதை எழுதும் மலக்குகள் எழுதியதைப் பக்கத்து வீட்டில் போய்ப் படித்துக் காட்டுவதில்லை. நாம் எழுதுகிறோம், பக்கத்து வீட்டுக்கும் அனுப்புகிறோம்.

பேச்சு எப்போது அமானிதமாகிறது? அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஒரு மனிதர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் திரும்பிப் பார்த்தால், அந்தச் செய்தி அமானிதம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. சத்தியம் வாங்கவில்லை. திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். யாராவது கேட்டுவிட்டார்களா என்று அவர் கவலைப்பட்டதே போதும், கேட்டவர் மீது அது அமானிதமாக இறங்கிவிடுகிறது.

போனில் பேசுகிறவர் திரும்பிப் பார்ப்பது நமக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பதிலாக அவர் வேறு ஒன்று செய்வார். குரலைத் தாழ்த்துவார். "பக்கத்துல யாரும் இல்லையே?" என்பார். "ஸ்பீக்கர்ல போடலையே?" என்று கேட்பார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மச்சான்" என்பார். இவையெல்லாம் திரும்பிப் பார்த்தல்தான். ஸ்பீக்கர்ல போடலையே என்று அவர் கேட்கிறார், இல்லை என்று நாம் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தால், அந்த "இல்லை" எப்படிப்பட்ட உண்மை? அவர் கேட்டதன் அர்த்தம் என்ன? வேறு யார் காதிலும் இது விழாதே என்பதுதான். நாம் சொன்ன பதில் வார்த்தையில் உண்மை, நோக்கத்தில் மோசடி.

இந்த விஷயத்தில் ஸஹாபாக்கள் எப்படி இருந்தார்கள் பாருங்கள். அனஸ் (ரலி) அவர்கள் அப்போது சிறுவர். மற்றச் சிறுவர்களோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் வந்து ஸலாம் சொல்லி, அவரை ஒரு வேலையாக அனுப்புகிறார்கள். வீட்டுக்குத் திரும்பத் தாமதமாகிவிடுகிறது. ஏன் தாமதம் என்று தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் கேட்கிறார்கள். நபியவர்கள் ஒரு வேலைக்கு அனுப்பினார்கள் என்கிறார். என்ன வேலை என்று கேட்டால், அது ரகசியம் என்கிறார். நம் வீட்டில் ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? "என்கிட்டயே மறைக்கிறியா?" என்று ஆரம்பித்துவிடுவோம். அந்தத் தாய் என்ன சொன்னார்கள் தெரியுமா? அல்லாஹ்வின் தூதருடைய ரகசியத்தை யாரிடமும் சொல்லிவிடாதே என்று மகனுக்கே சொல்லிக் கொடுத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு தம் மாணவர் ஸாபித் அவர்களிடம் இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போதுகூட அனஸ் (ரலி) அந்த ரகசியத்தைச் சொல்லவில்லை; யாரிடமாவது சொல்வதாக இருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன் என்றார்கள். இது முஸ்லிமில் இடம்பெற்ற ஹதீஸ். அந்த வேலை என்னவென்று இன்றுவரை உம்மத்துக்குத் தெரியாது.

அபூபக்ர் (ரலி) அவர்களுடைய சம்பவம் இன்னும் கூர்மையானது. உமர் (ரலி) அவர்களுடைய மகள் ஹஃப்ஸா (ரலி) விதவையாகிவிடுகிறார்கள். மகளை மணந்துகொள்ளும்படி உஸ்மான் (ரலி) அவர்களிடம் உமர் கேட்கிறார்கள், அவர் இப்போது வேண்டாம் என்கிறார். அபூபக்ர் (ரலி) அவர்களிடம் கேட்கிறார்கள், அவர் ஒரு பதிலும் சொல்லவில்லை. உஸ்மான் மறுத்ததைவிட அபூபக்ரின் மௌனம் உமரை அதிகம் வருத்தியது. பிறகு நபி (ஸல்) அவர்களே ஹஃப்ஸாவை மணமுடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அபூபக்ர் (ரலி) வந்து விளக்கம் சொல்கிறார்கள்: நபியவர்கள் ஹஃப்ஸாவைப் பற்றிப் பேசியது எனக்குத் தெரியும், அவர்களுடைய ரகசியத்தை வெளியிட நான் விரும்பவில்லை (நூல்: புகாரி). நண்பர் தவறாக நினைத்துக்கொண்டார், மனம் நொந்தார். அதையும் பொறுத்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உமருடைய மனம் குளிர்ந்திருக்கும். நல்ல செய்திதானே என்று நாம் சொல்லியிருப்போம்.

ஃபாத்திமா (ரலி) அவர்களும் அப்படித்தான். தந்தை காதில் சொன்னதைக் கேட்டு அழுதார்கள், மறுபடி சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் தூதருடைய ரகசியத்தை நான் வெளியிட மாட்டேன் என்றார்கள். நபியவர்கள் வஃபாத்தான பிறகுதான் சொன்னார்கள்.

குர்ஆனும் இதைப் பேசுகிறது. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் ஒருவரிடம் ஒரு செய்தியை ரகசியமாகச் சொன்னார்கள், அவர் அதை இன்னொருவரிடம் சொல்லிவிட்டார், அல்லாஹ் அதை நபிக்கு அறிவித்துக் கொடுத்தான். இது தஹ்ரீம் அத்தியாயத்தின் 3வது வசனம். அதில் ஒரு வார்த்தையை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். நபியவர்கள் அந்த மனைவியிடம் விசாரிக்கும்போது, நடந்ததில் சிலதைத்தான் எடுத்துச் சொன்னார்கள், சிலதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். முழு விவரமும் அல்லாஹ்விடமிருந்து வந்திருக்கிறது. அதைவிட உறுதியான ஆதாரம் உலகத்தில் இருக்க முடியாது. ஆனாலும் மனைவி வெட்கப்பட்டுக் குறுகிப் போகாத அளவுக்கு மட்டும்தான் பேசினார்கள். நம்மிடம் 40 நிமிட ரெக்கார்டிங் இருந்தால் 40 நிமிடத்தையும் ஓடவிட்டுக் காட்டுகிறோம்.

அந்தப் பெரியவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "இதில் உங்கள் மருமகள் உங்களிடம் பேசுகிறாளா, அவளுடைய உம்மாவிடமா?" உம்மாவிடம் என்றார். அப்படியானால் இதைக் கேட்க எனக்கும் அனுமதியில்லை, உங்களுக்கும் இருந்திருக்கவில்லை என்றேன். மக்கள் தம் பேச்சை ஒருவர் கேட்பதை வெறுக்கும் நிலையில் அதை ஒட்டுக் கேட்பவரின் காதுகளில் மறுமை நாளில் ஈயம் காய்ச்சி ஊற்றப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (நூல்: புகாரி). அந்தக் காலத்தில் ஒட்டுக் கேட்க வேண்டுமானால் சுவரோரம் நிற்க வேண்டும். இன்றைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து கேட்கிறோம். பேசி முடித்து மூன்று மாதம் கழித்துக் கேட்டாலும் கேட்பது கேட்பதுதான்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். அடுத்தவர்கள் பேசியதைக் கேட்பதுதானே ஒட்டுக் கேட்பது? என்னோடு பேசியதை நானே பதிவு செய்தால்? அது என்னிடம் சொல்லப்பட்டதுதானே? நியாயமான கேள்விதான். உங்களிடம் சொன்னதை நீங்கள் கேட்டதில் தவறில்லை. ஆனால் அவர் உங்கள் காதுக்குத்தான் பேசினார், உங்கள் கம்ப்யூட்டருக்குப் பேசவில்லை. ஒருவர் ஸலாம் சொல்லி அனுமதி பெற்று நம் வீட்டுக்குள் வருகிறார், உட்காரச் சொல்கிறோம். அதற்காக அவர் போகும்போது சுவரில் இருக்கும் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போகலாமா? உள்ளே வர அனுமதி வேறு, எடுத்துப் போக அனுமதி வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. பதிவாகிறது என்று தெரிந்தவர் ஒரு மாதிரி பேசுவார், தெரியாதவர் வேறு மாதிரி பேசுவார். இந்த உரை பதிவாகிறது என்று எனக்குத் தெரியும், மைக் முன்னால் இருக்கிறது. அதனால் நானும் யோசித்துத்தான் பேசுகிறேன். ஆனால் அண்ணனும் தம்பியும் சொத்து விஷயம் பேசும்போது ஒருவர் மட்டும் ரெக்கார்டு போட்டிருந்தால்? போட்டவர் மிக அழகாகப் பேசுவார். "நான் எப்பவும் உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்பார். தூண்டிலைப் போட்டுக்கொண்டே இருப்பார். தெரியாதவர் கோபத்தில் கத்துவார், விட்டதைச் சொல்வார், படைத்தவனுக்கே பிடிக்காத ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவார். பிறகு இதைக் கேட்கிற ஜமாஅத்தாருக்கு ஒருவர் பொறுமைசாலி, மற்றவர் ஷைத்தான். இது சாட்சியமா, நாடகமா? அதிலும் அதற்கு முந்தைய அழைப்பில் யார் யாரைத் திட்டினார் என்பது அந்த ஃபைலில் இருக்காது. வேண்டிய இடத்தை வெட்டி எடுப்பதற்கு இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும்.

சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் குழுவில் இருந்தவரும், பல ஆண்டுகள் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியின் தலைவராக இருந்தவருமான ஷைக் பக்ர் அபூஸைத் (ரஹ்) அவர்கள் தொலைபேசி ஒழுக்கங்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார்கள். பேசுபவருடைய அனுமதியும் அறிவும் இல்லாமல் அவர் பேச்சைப் பதிவு செய்வதை மோசடியாகவே அதில் பார்க்கிறார்கள். மார்க்கப் பேச்சானாலும் உலகப் பேச்சானாலும், ஒரு ஆலிமிடம் ஃபத்வா கேட்பதாக இருந்தாலும் சரி, சட்டம் அதுதான் என்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. ஒருவர் போனில் அவருடைய சூழ்நிலையைச் சொல்லி மஸ்அலா கேட்பார். அவருக்கு ஏற்ற பதிலைச் சொல்வோம். மறுநாள் பார்த்தால் கேள்வியை வெட்டிவிட்டுப் பதில் மட்டும் குரூப்புகளில் சுற்றும்.

"சட்டத்தில் இடம் இருக்கிறதே ஹஜ்ரத்" என்று சிலர் சொல்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். போனில் பேசுவது ஒருவருடைய அந்தரங்க உரிமையைச் சேர்ந்தது என்று நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 1996லேயே ஒட்டுக் கேட்பு வழக்கில் சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதே உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில், கணவன் மனைவி வழக்கு ஒன்றில், மனைவிக்குத் தெரியாமல் கணவன் பதிவு செய்த போன் பேச்சைக் குடும்ப நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. இந்தக் கடைசித் தீர்ப்பைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அதே தீர்ப்பில், ஒருவரை ஒருவர் உளவு பார்க்கும் நிலைக்குத் தம்பதிகள் வந்துவிட்டால் அதுவே அந்த உறவு உடைந்துவிட்டதன் அறிகுறி என்ற கருத்தையும் நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். அதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. நீதிமன்றம் பார்ப்பது, வந்த ஆதாரத்தை ஏற்கலாமா என்பதை. அதை எப்படி எடுத்தாய் என்று கேட்பவன் இன்னொருவன் இருக்கிறான்.

போன் கம்பெனிகளே இன்றைக்கு நம்மைவிட எச்சரிக்கையாக இருக்கின்றன. 2022 மே மாதத்திலிருந்து ப்ளே ஸ்டோரில் இருக்கும் வெளி ஆப்கள் குறுக்கு வழியில் கால் ரெக்கார்டு செய்வதை கூகுள் தடை செய்தது. கூகுளின் சொந்த போன் ஆப்பில் பதிவு செய்தால் இரண்டு பக்கமும் கேட்கும்படி அறிவிப்பு வரும். ஐபோனில் 2024 கடைசியில் இந்த வசதி வந்தபோதும் அறிவிப்போடுதான் வந்தது. அவர்கள் அல்லாஹ்வுக்குப் பயந்து செய்யவில்லை, பல நாட்டுச் சட்டங்களுக்குப் பயந்து செய்தார்கள். ஆனால் நாம் அந்த அறிவிப்புக் குரலை எப்படி அணைப்பது என்று யூடியூபில் தேடிக்கொண்டிருக்கிறோம்!

அப்படியானால் பதிவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று பகரா அத்தியாயத்தின் 282வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். ஆகவே பணம், வியாபாரம், வாடகை இவற்றைப் பேசும்போது, "பாய், மறந்துடக் கூடாதுன்னு ரெக்கார்டு போட்டுக்கறேன், சரியா?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். அவர் சரி என்றால் அந்தச் சரியும் சேர்ந்தே பதிவாகட்டும். எழுதுவதற்கு அது ஈடாகாது என்றாலும் உதவும். டாக்டர் போனில் மருந்து சொல்கிறார், வயதான அத்தாவுக்கு நினைவில் நிற்காது என்றால், டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். கேட்பதற்கு மூன்று விநாடி ஆகும்.

அநீதி இழைக்கப்பட்டவருடைய நிலை வேறு. ஒருவன் போனில் மிரட்டுகிறான். ஒரு பெண்ணை ஒருவன் தொடர்ந்து தொல்லை செய்கிறான். போலீஸ் என்று சொல்லிப் பணம் பறிக்கப் பார்க்கிறான். இவர்களுக்கெல்லாம் அமானிதம் என்ற உரிமை எங்கிருந்து வந்தது? தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர என்று அந்நிஸா அத்தியாயத்தின் 148வது வசனம் விதிவிலக்குக் கொடுக்கிறது. ஹிந்த் (ரலி) அவர்கள் தம் கணவர் அபூஸுஃப்யான் செலவுக்குப் போதுமானதைத் தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, கணவரைக் குறை சொல்லாதே என்று நபியவர்கள் தடுக்கவில்லை. புறம் பேசுவது ஹராம் என்று எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்களே, முறையிடுவது போன்ற ஆறு காரணங்களுக்காக அது அனுமதிக்கப்படும் என்று ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இப்படிப்பட்ட ஆபத்தில் பதிவு செய்யுங்கள். ஆனால் ஹிந்த் (ரலி) அவர்கள் யாரிடம் போனார்கள்? தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உள்ளவரிடம் போனார்கள், கடைத்தெருவில் நின்று சொல்லவில்லை. நாமும் காவல் நிலையத்திலோ, நீதிமன்றத்திலோ கொடுக்க வேண்டும். பண மோசடி என்றால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். தேவையான அழைப்பை மட்டும், தேவையான ஆளிடம் மட்டும். குடும்ப குரூப்பில் போட்டால் எந்த நீதியும் கிடைக்காது.

ஆனால் சந்தேகத்தின் பேரில் துருவிக்கொண்டிருப்பது இதில் சேராது. என்றைக்காவது உதவும் என்று எல்லோருடைய பேச்சையும் சேர்த்து வைப்பதும் சேராது. துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12வது வசனத்தில் அல்லாஹ் தடுத்துவிட்டான். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் ஒருவரைப் பற்றி, இவருடைய தாடியிலிருந்து மது சொட்டுகிறது என்று புகார் சொல்லப்பட்டது. துருவி ஆராய்வது எங்களுக்குத் தடுக்கப்பட்டிருக்கிறது, வெளிப்படையாகத் தெரிந்தால் அதற்கேற்ப நடவடிக்கை எடுப்போம் என்று பதில் சொன்னார்கள் (நூல்: அபூதாவூத்). மஹல்லா ஜமாஅத்துகளின் நிர்வாகிகளுக்கும் இதைச் சொல்கிறேன். பஞ்சாயத்தில் ரெக்கார்டிங்கைக் கொண்டு வந்து வைத்தால், மேஜை மேல் போட்டு எல்லோரும் கேட்பது என்ற பழக்கத்தை நிறுத்துங்கள். அதில் யாருடைய குரல் இருக்கிறது, அவருக்குத் தெரிந்து எடுத்ததா என்று முதலில் கேளுங்கள். ஒரு பெண் தாயிடம் அழுத அழுகையைப் பத்து ஆண்கள் உட்கார்ந்து கேட்பதற்கு எந்த முத்தவல்லிக்கும் அதிகாரம் இல்லை.

இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் போனில் அழைப்புகளுக்கான செட்டிங்கைத் திறந்து, எல்லா அழைப்புகளையும் பதிவு செய் என்று இருக்கிறதா பாருங்கள். வீட்டுப் பெண்கள் போனையும் அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கிப் பார்க்காதீர்கள்! வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய போனிலிருந்து மாற்றிய ஃபோல்டர்களில் இவை கிடக்கும். கேட்டுப் பார்த்து அழிக்காதீர்கள், கேட்காமலேயே அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். கூகுள் டிரைவ் போன்ற இடங்களுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்திருந்தால் அங்கேயும் அழிக்க வேண்டும். கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் விற்கும்போதும் வெறுமனே டெலிட் செய்தது போதாது, அதை மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் எல்லாக் கடையிலும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை முழுவதுமாக அழித்துத் தருமாறு தெரிந்தவரிடம் கேளுங்கள், அல்லது அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கடன், வழக்கு என்று வைத்திருக்க வேண்டியது இருந்தால் அதைத் தனியாகப் பாஸ்வேர்டு போட்டு வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் அதே கம்ப்யூட்டரில் திறந்த ஃபோல்டரில் வேண்டாம்.

அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் அவரிடம் ஒன்று கேட்டேன்: "போன வாரம் முழுக்க நீங்கள் போனில் பேசியது எல்லாம் ஒரு பென் டிரைவில் இருக்கிறது என்று வையுங்கள். அதை உங்கள் மருமகளின் வாப்பாவிடம் கொடுக்கட்டுமா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மகனிடம் அவரே பேசினார். தலாக் பேச்சு நின்றுவிட்டது, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் பிறகு அந்தப் பெண்ணின் தாய் என் வீட்டாரிடம் சொன்னது மனதை அறுக்கிறது. "இப்பவெல்லாம் போன் பண்ணினா, நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா, வச்சிடறேன்மா, அவ்வளவுதான். என் மக என்கிட்ட பேசறதே இல்ல" என்றார்களாம்.

யா அல்லாஹ்! எங்கள் காதுகளையும் நாவுகளையும் கைகளையும் மோசடியிலிருந்து பாதுகாப்பாயாக! எங்கள் குறைகளை நீ மறைத்தது போல் பிறர் குறைகளை மறைக்கும் மனதை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.

தொழுகைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்வியும் பதிலும்:

ஒரு சகோதரர் கேட்டார்: "ஹஜ்ரத், உம்மா மவுத்தாகி மூன்று வருஷம் ஆச்சு. நான் வெளிநாட்டில் இருந்தபோது அவங்க பேசினது கொஞ்சம் என் லேப்டாப்பில் இருக்கு. அவங்ககிட்ட அனுமதி கேட்கல. எல்லாத்தையும் அழிச்சிடணுமா?"

பதில்: அனுமதி கேட்காததற்காக இஸ்திஃபார் செய்யுங்கள், அவர்களுக்காக துஆ செய்யுங்கள். பிறகு அந்தப் பேச்சுகளைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் சித்தியைப் பற்றி, உங்கள் மனைவியைப் பற்றி, அக்கா வீட்டுச் சண்டையைப் பற்றி உங்களை நம்பிச் சொன்னவை இருந்தால் அவற்றை அழித்துவிடுங்கள், வேறு யாருக்கும் போட்டுக் காட்டாதீர்கள். இறந்தவர் இனி வந்து விளக்கம் சொல்ல முடியாது; சொன்ன நேரத்துக் கோபம் மட்டும் நிலைத்துவிடும். நலம் விசாரித்தது, துஆ செய்தது, புத்தி சொன்னது இவையெல்லாம் மகனுக்கு என்று சொன்னவை. அவை உங்களிடம் இருப்பதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அவர் மறுபடி கேட்டார்: "ஒண்ணுல பணம் அனுப்ப லேட்டானதுக்கு என்னைத்தான் நல்லா திட்டியிருக்காங்க. அதை வச்சுக்கலாமா?"

அது உங்களுக்குச் சொன்னதுதானே, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.